தெருக்கோடிப் பெரியவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

மே 1 காலையில் ஆக்ஸ்ஃபோர்டில் எங்கள் மோரிஸ் குழு ஆடி முடித்துவிட்டது. மோரிஸ் என்பது சலங்கை கட்டி, கைக்குட்டையோ தடியோ வீசி ஆடும் இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டம். ஆறு பேரும் ஆடினோம். ஆட்டச் சாமான்கள் கடைசி நேரத்தில் இல்லாமல் போன கதை உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஊராருக்கு ஆங்கிலத்தில் நன்றி எழுதியாயிற்று. கூட நின்ற நம்மவர்களுக்குத் தமிழில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

மார்பில் குறுக்காகப் போடும் பட்டைகளை இரவோடு இரவாகத் தைத்த அக்காமார், கைக்குட்டைக்காகப் புது வேட்டியைக் கிழித்துக் கொடுத்த அண்ணன், தொப்பிக்குப் பூக்கட்டிய பிள்ளைகள், தங்கள் தடிகளைக் காரில் ஏற்றி அனுப்பிய பக்கத்துக் கிராமக் குழு, உங்கள் எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 30 இரவு. உடுப்பெல்லாம் தயார், சலங்கைதான் இல்லை. இந்த ஆட்டத்தில் அதைக் கணுக்காலில் கட்டுவதில்லை. தோல் பட்டையில் தைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டுவார்கள். அது இல்லாமல் கைக்குட்டை வீசினால் ஆட்டம் ஊமையாகிவிடும். ஒன்பது மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். தெருக்கோடி வீட்டுப் பெரியவர். எண்பதைத் தாண்டியவர், பார்வை அநேகமாகப் போய்விட்டது. கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய ஆறு ஜோடிச் சலங்கை! அவர் ஒரு காலத்தில் ஆடியவர் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். சத்தம் அடைத்ததை ஒதுக்கினார். தையல் தளர்ந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார், மெழுகு தேய்த்த நூலால் நான் தைத்தேன். முடிக்கும்போது மணி ஒன்றரை.

காலை ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்தில் பாட்டு ஒலித்தது. அது முடிந்த பிறகு நாங்கள் தெருவில் இறங்கினோம். அவர் சுவரோரம் தலையைக் குனிந்து நின்றிருந்தார். எல்லாம் முடிந்ததும் என் தோளைத் தொட்டு, "மூன்றாவது ஆட்டத்தில் உன் இடது கால் கொஞ்சம் பிந்தியது. மற்றபடி ஆறு பேர் சத்தமும் ஒன்றாக விழுந்தது" என்றார். என் கால் என்று எப்படித் தெரியும்? "அந்த மணிகளை நான்தானே பொறுக்கினேன், குரல் தெரியாதா?"

இதே ஊரின் ஹெடிங்டன் பகுதியில் 1899 டிசம்பர் 26 அன்று, வேலையில்லாமல் இருந்த ஹெடிங்டன் குவாரி ஆட்கள் நாலு காசுக்காக ஆடினார்கள். அது ஆட்டத்துக்கான பருவம்கூட இல்லை. அதைப் பார்த்த இசை ஆசிரியர் சிசில் ஷார்ப், கான்செர்டினா என்ற சிறு துருத்தி வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரை மறுநாள் வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். மெட்டு ஏட்டில் ஏறிவிட்டது. எந்த மணியை ஒதுக்க வேண்டும் என்பது இன்னும் இந்தப் பெரியவரின் காதில்தான் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டே தீருவேன்.

டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "தோல் அறுகிறவரை ஆடுங்கள், அப்புறம் கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பயிற்சிக்கு அவரைக் கூட்டி வருகிறேன். சத்தம் நன்றாகக் கேட்கும் மூலையில் நாற்காலி போட்டாயிற்று.