டீசல் எஞ்சின் மாற்றும்போது டிஃபையும் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ-9 வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் வானுக்கு எந்த டிஃப் (எஞ்சின் சுற்றைச் சாப்ட் வழியாக வாங்கிக் குறைத்துப் பின்சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்லுப் பெட்டி) இருந்தாலும் ஒன்றுதான். ஓட்டமே நாற்பதைத் தாண்டாது. இப்போது ஓமந்தை கழிந்தால் பரந்தன் வரை காப்பற் வீதி. பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ரொயோற்றாவின் 2எல், 2சி போன்ற டீசல் எஞ்சின் பூட்டிய வான்கள் இங்கே எண்பதில் போகும்போது கத்துகின்றன, சூடேறுகின்றன, டீசலையும் குடிக்கின்றன. உடனே எஞ்சின் சரியில்லை என்று பழி. அநேகமாகக் குறை பின் டிஃபில்தான்.

கணக்கு லேசானது. 14 அங்குல ரயரில் சோக்கால் கோடு போட்டு, சுமையோடு வானை ஒரு சுற்று உருட்டி அளந்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். 80 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு 667 முறை சுற்றும். டிஃப் 4.875 என்றால், அதாவது சில்லு ஒருமுறை சுற்றச் சாப்ட் 4.875 முறை சுற்றும் என்றால், எஞ்சினும் சாப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நாலாம் கியரில் எஞ்சின் சுற்று 3250, 4.1 என்றால் 2733. 2எல் எஞ்சினின் முழு இழுவை 2400 அளவில் கிடைக்கிறது. அதைவிட எண்ணூறு சுற்று கூடுதலாக மணிக்கணக்கில் ஓட்டி எஞ்சின் சூடேறினால் அதன் மேல்மூடியான ஹெட் வெடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் 4.1ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. ஐந்து கியர் பொக்ஸும் சேர்ந்தால் (ஐந்தாம் கியர் 0.85 அளவு) எண்பதில் சுற்று 2323க்கு இறங்கிவிடும். ஆட்களும் சாமானும் ஏற்றி எதிர்க்காற்றில் போனால் எஞ்சின் திணறிக் கறுப்புப் புகை தள்ளும்.  நாலு கியருக்கு 4.1, ஐந்து கியருக்கு 4.556 (சுற்று 2580 அளவு) என்பதே வன்னிக்குப் பொருத்தம் என்பது என் தீர்மானம்.

இருக்கும் டிஃப் எது என்று அறியப் பிரிக்கத் தேவையில்லை. முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஏனென்றால் ஹான்ட்பிறேக்கை விடவேண்டும். கியரை நியூற்றலில் விட்டு, பின்சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி ஸ்ராண்ட் கொடுங்கள். அந்தச் சில்லை 20 சுற்றுச் சுற்றி, சாப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மற்றப் பின்சில்லு நிலத்தில் நிற்பதால் இந்த 20 சுற்று, இரண்டு சில்லும் 10 சுற்றுச் சுற்றுவதற்குச் சமம். 41 என்றால் 4.1, நாற்பத்தைந்தரை என்றால் 4.556, 49க்குச் சற்றுக் குறைவு என்றால் 4.875.

மாற்றும்போது டிஃபுக்குள் ஒன்றோடொன்று கடிக்கும் பல்லுச்சில்லுகளான கிறவுண் வீலும் பீனியனும் சோடியாகவே வரவேண்டும். ஒன்றைப் பழையதிலும் மற்றதைப் புதியதிலும் எடுத்தால் சில மாதத்தில் ஊளைச் சத்தம் தொடங்கும். பல்லிடைவெளியை டயல் கேஜில் 0.13 முதல் 0.18 மில்லிமீற்றருக்குள் வைத்து, பல்லில் மை பூசித் தொடுகை பார்க்காமல் மூடக்கூடாது.

ஸ்பீட் மீற்றரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் கேபிள் கியர் பொக்ஸிலிருந்து ஓடுவதால், 4.875ஐ 4.1 ஆக்கினால் உண்மையில் 80இல் போகும் வான் 67 என்றுதான் காட்டும். மாங்குளத்தில் வீதியோரம் மாடு நிற்கும்போது இது சின்ன விடயமல்ல. கேபிளின் அடியிலுள்ள சிறிய பல்லுச்சில்லை அதற்கேற்ப மாற்றவேண்டும்.

அதைவிடப் பெரியது பிறேக். பெற்றோல் எஞ்சினின் உறிஞ்சல் காற்றில் வேலை செய்து பிறேக் மிதியை இலேசாக்கிய பூஸ்ருக்கு டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. உறிஞ்சல் தரும் வக்கூம் பம்ப் உள்ள ஒல்ரனேற்றரையும் (மின் பிறப்பாக்கி) அதற்கான எண்ணெய்க் குழாய்களையும் சேர்த்தே பூட்டவேண்டும். இல்லையேல் மிதி கல்லாகிவிடும். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தில் மாற்றப்படவேண்டும் என்பதையும் உரிமையாளருக்குச் சொல்லியாகவேண்டும்.

வானைக் கையளிக்கும்போது டிஃப் விகிதம், ரயர் சுற்றளவு, 80இல் எஞ்சின் சுற்று மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி வன்னியிலுள்ள கராஜ்காரரைக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் மாற்றக் காசு கொடுப்பவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாகனத் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.