தமிழ்99: உன் கேள்விக்குப் பதில்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஊர் ஏரியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம். எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தள்ளிப்போடாதே.

சரி, கணினி விஷயம். உன் கணினியின் உபுண்டு இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தும் ‘அம்மா’ வரவில்லை, புள்ளி தானாக விழவில்லை என்கிறாய். நீ சேர்த்தது வெறும் விசை அமைப்பு. இந்த விசைக்கு இந்த எழுத்து என்பதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் என்ன அடித்தாய் என்று அதற்குத் தெரியாது. தமிழ்99-க்கோ அதுதான் முக்கியம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி விழ வேண்டும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் ‘அம்மா’ வருவது இதனால்தான். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ-வைத் தட்டு: ம, அ, ம, த, ஐ என்றால் ‘மமதை’.

இதைச் செய்ய உள்ளீட்டு முறை ஒன்று வேண்டும், அதாவது முன்னால் அடித்ததையும் பார்த்து எழுத்தை மாற்றும் மென்பொருள். ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) என்ற மென்பொருள் பொதியை நிறுவு. கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வா. இதை விட்டால் புதிய முறைகள் பட்டியலில் தெரியாமல் போகலாம். அப்புறம் கணினியின் அமைப்புகளில் (Settings) விசைப்பலகைப் பகுதிக்குப் போய், தமிழின் கீழ் ‘தமிழ்99 (எம்17என்)’ என்றிருப்பதைச் சேர். பழையதை நீக்கிவிடு, இரண்டும் இருந்தால் குழப்பம்தான். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் போட்ட விசை) ஸ்பேஸ். யாழ்ப்பாணத்து உன் சம்பந்தி, இலங்கையில் வழங்கும் ‘ரெங்கநாதன்’ விசைமுறையில் அடிப்பவர் என்றாயே, அதுவும் இதே பொதியில் இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் ‘ammaa’ என்று அடிக்கும் முறைக்கே போய்விடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். நாலு வரிச் செய்திக்கு அது போதும். ஆனால் நீ எழுதப் போவது ஒரு புத்தகம். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனசுக்குள் ஆங்கிலமாக எழுத்துக்கூட்டிக்கொண்டே எத்தனை பக்கம் எழுதுவாய்? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு தமிழ்99. உயிரெல்லாம் இடக்கையில், மெய்யெல்லாம் அநேகமாக வலக்கையில். கைகள் மாறி மாறி வேலை செய்வதால் நெடுநேரம் அடித்தாலும் அலுப்புத் தட்டுவதில்லை. முதலில் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் மதகுகள் பற்றிய பகுதியை முடித்துவிட்டால் எனக்கு அனுப்பு. மேலமடையைப் பற்றி அப்பா சொன்ன சில சேதிகள் என்னிடம் இருக்கின்றன, சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்