பழைய லைற்ரூமை மாற்றுவதா? முதலில் கமராவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்கள் சிலவற்றில் இன்றைக்கும் லைற்ரூம் 6 என்ற படத்திருத்த மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 இல் வந்து, 2017 டிசெம்பரில் 6.14 என்ற கடைசித் திருத்தத்தோடு நின்றுபோன மென்பொருள் அது. ஒருதரம் காசு கொடுத்து வாங்கித் தொடர்ந்து பாவிக்கலாம் என்ற முறையில் அடோபி விற்ற கடைசி லைற்ரூமும் அதுதான். அதை விட்டுச் சந்தா முறைக்கு மாறுவதா என்பதைப் பலர் மென்பொருளின் வயதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். கையிலுள்ள கமராவையும் எடுக்கிற படங்களையும் வைத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

றோ கோப்பு என்பது சென்சரில் பதிந்ததைக் கமரா தன் சொந்த முறையில் எழுதி வைப்பது. அந்தக் கமரா சந்தைக்கு வந்த பிறகு வெளியான மென்பொருளுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியும். நிகோன் டி750, கெனன் 5டி மார்க் 4, 6டி மார்க் 2 போன்றவற்றோடு தொழில் செய்பவர்களுக்கு லைற்ரூம் 6 இன்றும் போதும். சொனி ஏ7 மார்க் 3, நிகோன் இசட் வரிசை, கெனன் ஆர் வரிசை எல்லாம் 2018 இலும் அதற்குப் பின்னும் வந்தவை. அவற்றின் றோ லைற்ரூம் 6 இல் திறக்காது. கெனன் 2018 இல் சி.ஆர்.2 இலிருந்து சி.ஆர்.3 என்ற புது வடிவத்துக்கே மாறிவிட்டது. கோப்பின் பெயர் வாலைச் சி.ஆர்.2 என்று திருத்தினால் திறக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உள்ளேயிருக்கும் அமைப்பே வேறு.

திறக்கவில்லை என்பதற்காக உடனே சந்தா கட்டத் தேவையில்லை. அடோபியே இலவசமாகத் தரும் டி.என்.ஜி. கொன்வேட்டர், புதிய கமராவின் றோவைப் பழைய லைற்ரூமுக்கு விளங்கும் டி.என்.ஜி. என்ற பொதுவான றோ வடிவமாக மாற்றித் தரும். தனித்தனிப் படமாக அல்ல, ஒரு முழு போல்டரைத்தான் அதற்குக் காட்ட வேண்டும். பிரிஃபரன்சஸுக்குள் கொம்பாற்றிபிலிற்றி என்ற இடத்தில் "கமரா றோ 7.1" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் டி.என்.ஜி. ஆக மாற்றியும் பழைய மென்பொருள் ஏற்க மறுக்கலாம். அங்கே தொடக்கூடாதவை மூன்று உண்டு. "லீனியர்" என்பதைத் தெரிவுசெய்தால் கோப்பு பல மடங்கு பெருக்கும், சென்சரின் மூலத் தரவும் போய்விடும். "லொஸி" என்பது நுணுக்கங்களை வெட்டிவிடும். மூல றோவை உள்ளே பொதிந்து வைக்கும் தெரிவு, ஹார்ட் டிஸ்கில் இரட்டிப்பு இடம் பிடிக்கும். 24 மெகாபிக்சல் றோ ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை வரும் என்றால், 2000 படம் எடுத்த ஒரு கலியாணவீட்டுக்கு 50 முதல் 60 ஜி.பி. வரை தேவை. டி.என்.ஜி. பிரதிக்கும் ஏறக்குறைய அதேயளவு இடம் வேண்டும். இடம் போதாது என்று மூல றோவை அழிக்காதீர்கள். நிகோனின் என்.எக்ஸ். ஸ்ரூடியோ, கெனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொபெஷனல் ஆகிய இலவச மென்பொருள்கள் இந்த டி.என்.ஜி.யைத் திறக்கமாட்டா.

அப்படியானால் யார் மாற வேண்டும்? இரவிலும் மோசமான வெளிச்சத்திலும் உழைப்பவர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் மாலைக்குப் பிறகு எடுப்பவை பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு அளவு) 6400 ஐத் தொட்டு நிற்கும். நிழற் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாலே பழைய செயன்முறையில் ஊதா நிறம் படரும். 2018 ஒக்டோபரில் வந்த புரொசெஸ் வேர்ஷன் 5 (றோவைப் படமாக்கும் செயன்முறையின் ஐந்தாம் பதிப்பு) அதைக் குறைத்தது. 2023 ஏப்ரலில் வந்த டீநொய்ஸ், வெற்று மேனியின் தோலையும் பட்டு வேட்டியின் இழையையும் கெடுக்காமல் இரைச்சல் எனப்படும் பொரிப்பொரியை நீக்குகிறது. பழைய லைற்ரூமின் இரைச்சல் நீக்கியை இழுத்து இந்த முடிவை எடுக்கவே முடியாது. தோல் மெழுகாகிவிடும்.

கலியாண மண்டபத்திலும் வேறுபாடு தெரியும். மணவறையின் பின்னால் எல்.ஈ.டி. வெளிச்சம் எரிய, பெண்ணின் முகம் இருட்டாக விழுந்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லைற்ரூம் 6 இல் தலைப்பூவின் ஓரத்தைப் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி வரைய வேண்டும். 2021 ஒக்டோபருக்குப் பிந்திய பதிப்பில் ஆளை மென்பொருளே பிரித்தெடுக்கும். அந்தத் திருத்தத்தைத் தொடர்ந்து எடுத்த மற்றப் படங்களுக்குப் பிரதி பண்ணினால், ஒவ்வொரு படத்திலும் ஆள் நிற்கும் இடத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கும். சாமத்தியவீடு, கலியாணவீடு என்று ஒரு கிழமையில் பல அல்பம் கொடுப்பவருக்கு இந்த ஒன்றே சந்தாவை ஈடுசெய்யும். பகலில், வெளியில், கடவுச்சீட்டுப் படமும் குடும்பப் படமும் எடுப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

செலவைச் சரியாகக் கணக்கிடுங்கள். மாதம் 10 டொலர் அளவிலிருந்த 20 ஜி.பி. ஒளிப்படத் திட்டம் 2025 ஜனவரியிலிருந்து புதியவர்களுக்கு இல்லை. லைற்ரூம் மட்டும் உள்ள திட்டம் குறைவுதான், ஆனால் ஃபோட்டோஷொப்பும் சேர்ந்த அடுத்த திட்டம் 20 டொலர் அளவில் வரும். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே வருடம் 72,000 ரூபா. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் கண்டவர்கள். சந்தா டொலரில்தான் போகும். "வருடத் திட்டம், மாதாமாதம் கட்டணம்" என்பதில் சேர்ந்து 14 நாட்களுக்குப் பிறகு விலகினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியை அறவிடுவார்கள். இதை வாசிக்காமல் கார்ட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். டீநொய்ஸுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட்டும் வேண்டும். 8 ஜி.பி. கிராபிக்ஸ் நினைவகம் இருந்தால் நிம்மதி. தனிக் கார்ட் இல்லாத பழைய கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் எடுக்கும். மாற நினைப்பவர் கணினியின் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காசு கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள், றோதெரப்பி இரண்டும் முற்றிலும் இலவசம், தரத்திலும் குறைவில்லை. ஆனால் லைற்ரூமில் செய்த நிறத் திருத்தங்கள் டார்க்டேபிளில் அதேபோல வராது. வெட்டு, நட்சத்திரம், குறிச்சொல் போன்ற சிலதே வரும். புதுப் படங்களுக்கு மட்டும் அதைத் தொடங்குவதே புத்தி. களவாகக் கிடைக்கும் "கிராக்" பதிப்புகள் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் கிடக்கும் கணினியில் யாரோ மாற்றியெழுதிய நிரலை ஓடவிடக்கூடாது.

மாறுவது என்று முடிவானால், அவசரமில்லாமல் செய்ய வேண்டியது கற்றலொக் (படங்களின் விபரமும் திருத்தங்களும் பதிந்திருக்கும் .lrcat கோப்பு) வேலை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஆட்கள் பத்து வருடம் கழித்துத் தங்கள் கலியாணப் படத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்குரிய திருத்தங்கள் முழுவதும் அந்த ஒரு .lrcat கோப்புக்குள் இருக்கின்றன. பழைய லைற்ரூமில் எல்லாப் படங்களையும் தெரிவுசெய்து கொன்ட்ரோல் எஸ் அழுத்தினால், திருத்தங்கள் றோவின் பக்கத்தில் எக்ஸ்.எம்.பி. கோப்பாக எழுதப்படும். கொலெக்‌ஷன், கொடி அடையாளம், வேர்ச்சுவல் கொப்பி, ஹிஸ்ரறி ஆகியவை அதில் எழுதப்படுவதில்லை. ஆகவே எக்ஸ்.எம்.பி. இருக்கிறதே என்று கற்றலொக்கைக் கைவிடக்கூடாது. லைற்ரூமை மூடிவிட்டு அந்தக் கோப்பை வெளி டிஸ்குகள் இரண்டில் பிரதி எடுங்கள். புதிய பதிப்பு அதைத் திறக்கும்போது தனக்கென்று ஒரு புதுப் பிரதியை உண்டாக்கும். பழைய பதிப்பால் அந்தப் பிரதியைத் திறக்க முடியாது. எனவே பழையதை உடனே கழற்றாமல் இரண்டையும் சில மாதம் வைத்திருங்கள். பழைய படங்களை ஒட்டுமொத்தமாகப் புதிய புரொசெஸ் வேர்ஷனுக்கு மாற்றும் பொத்தானையும் தொட வேண்டாம். 2012 க்கு முந்திய செயன்முறையில் திருத்திய படங்களின் தோற்றமே மாறிவிடும். பின்னாளில் சந்தா நின்றால் திருத்தம் செய்யும் டிவெலப் பகுதியும் வரைபடப் பகுதியும்தான் பூட்டப்படும். படங்களைத் தேடவும் வெளியே எடுக்கவும் முடியும்.

இந்த மாற்றத்துக்கு மார்கழிதான் நல்ல மாதம். அந்த மாதத்தில் கலியாணங்கள் இல்லை. அடோபியின் பெரிய பதிப்பு வழக்கமாக ஒக்டோபரில் வருவதால், அதன் முதற் கோளாறுகளுக்கும் அதற்குள் திருத்தம் வந்திருக்கும். 7 நாள் இலவசப் பரீட்சார்த்தத்தை அந்த நாட்களில் தொடங்கி, கற்றலொக்கின் பிரதியில் மட்டும், நீங்களே எடுத்த மிக மோசமான இரவுப் படங்களைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஏழாம் நாளுக்கு முன்னரே நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
ஒளிப்படத் தொழில் வாசகர்,
யாழ்ப்பாணம்.