‘நார்மல்’ ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: ரத்தவியல் மருத்துவர்களுக்கும் ஆய்வகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

என் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை மாதக்கணக்கில் இறங்கவே இல்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சாப்பிட்டேன், அப்புறம் அலர்ஜி மாத்திரை, அப்புறம் ஸ்டீராய்டு. கடைசியில் எலும்பு மஜ்ஜை எடுத்து, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது. அதை நம்பிச் சில மாதங்களைக் கழித்தேன். வேறொரு மருத்துவர் சந்தேகப்பட்டு குறிப்பிட்ட மரபணுவை ஒளிரவைத்துத் தேடும் ஃபிஷ் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் இது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

முதல் ரிப்போர்ட்டில் பொய் இல்லை. 4ஆவது குரோமோசோமில் சுமார் 8 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு உதிர்ந்துபோய், அதன் இரு பக்கமும் இருந்த ஃபிப்1எல்1, பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுக்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எட்டு லட்சம் என்றால் நமக்கு மலைப்பு. நுண்ணோக்கிக்கு அது கண்ணில் படாத தூசி. சிஎம்எல் என்ற இன்னொரு நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது அப்படியல்ல. அதில் குட்டையாகிப்போன குரோமோசோமை 1960இலேயே பிலடெல்ஃபியாவில் பார்த்துவிட்டார்கள்.

ஒட்டிய மரபணு உண்டாக்கும் புரதம், தானாக அணையாத சுவிட்ச் மாதிரி செல்களைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை அணைப்பது இமாட்டினிப். சிஎம்எல்லுக்காக 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே மாத்திரைதான். ஈசினோபில் நோயாளிகள் சிலருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், குணம் தெரிந்தது. ஏன் என்று தேடப் போய்த்தான் 2003இல் இந்த மரபணு இணைப்பே அகப்பட்டது. சிஎம்எல்லுக்கு வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம். இதற்குப் பலருக்கு 100 மில்லிகிராமே போதும்.

இவ்வளவு எளிதாக அடங்கும் நோயைத் தேடாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெருகிய ஈசினோபில்கள் இதயத்துக்குள் புகுந்து தசையைக் கெடுக்கும். கெட்ட தசையை மாத்திரை மீட்டுத் தராது. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதயம் பாதித்தவர்களுக்கு இமாட்டினிப் தொடங்கும்போது அதுவும் தேவைப்படும் என்று தெரியும்.

ஆய்வகத்தாரே, ஈசினோபில் கூடியவரின் குரோமோசோம் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்பதற்குக் கீழே, “இந்தச் சோதனையில் ஃபிப்1எல்1-பிடிஜிஎஃப்ஆர்ஏ இணைப்பு தெரியாது, ஃபிஷ் அல்லது பிசிஆர் தேவை” என்று எழுதுங்கள். மருத்துவர்களே, காரணம் தெரியாமல் ஈசினோபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேலேயே நின்றால், அந்தச் சோதனையை நீங்களாகவே கேளுங்கள். அதன் பெயர்கூட நோயாளிக்குத் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
தினம் ஒரு மாத்திரையில் நலமாக இருக்கும் ஒரு நோயாளி