மெய்நிகர் இயந்திரத்துக்குள் முறைமை அழைப்பு: பாடக்குறிப்புத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் பணிசெயல் முறைமைகளைக் கற்பிப்போருக்கும் அதற்கான பாடக்குறிப்புகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு மாணவி தன் குறிப்புப் பிரதியைக் காட்டி விளக்கம் கேட்டாள். மெய்நிகர் இயந்திரத்துக்குள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாய் இயங்கும் இன்னொரு கணினிக்குள், ஒரு செய்நிரல் விடுக்கும் ஒவ்வொரு முறைமை அழைப்பும் (பணிசெயல் முறைமையிடம் சேவை கேட்கும் அழைப்பு), அத்தகைய இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரைச் சென்றடைகிறது என்று அதில் அச்சாகியிருந்தது. மாணவர் இன்று பயன்படுத்தும், செயலியே துணைபுரியும் வன்பொருள்சார் மெய்நிகராக்கத்தைப் பொறுத்தவரை இது பிழை.

இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் செயலிக்குள் கொண்டுவந்த வசதி, பழைய சிறப்புரிமை வளையங்களின்மேல் (0 முதல் 3 வரையான அதிகார மட்டங்கள்; 0 மிக உயர்ந்தது) இன்னொரு வளையத்தை அடுக்கவில்லை. நான்கு வளையங்களையும் அப்படியே விட்டுவிட்டு, இன்டெலின் சொல்லில் ரூட் (ஹைப்பர்வைசருக்கு), நொன்-ரூட் (விருந்தினருக்கு) என்னும் வேறொரு பிரிவை அவற்றுக்குக் குறுக்கே வகுத்தது. விருந்தினர் முறைமையின், அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் பணிசெயல் முறைமையின், மையப் பகுதியான கேர்னல் நொன்-ரூட் நிலையில் இருந்தாலும் 0ஆம் வளையத்திலேயே இயங்குகிறது. ஆகவே, 64 பிட் லினக்ஸில் ஒரு செய்நிரல் தரவை எழுதும் ரைட் அழைப்புக்குரிய 1 என்ற இலக்கத்தை, செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடமான ஆர்ஏஎக்ஸ் பதிவகத்தில் வைத்து, முறைமை அழைப்பை விடுக்கும் சிஸ்கோல் அறிவுறுத்தலை இயக்கும்போது, எல்ஸ்டார் பதிவகத்தில் விருந்தினர் கேர்னல் முன்பே எழுதிவைத்த முகவரிக்குச் செயலி நேராகத் தாவுகிறது. அப்படியோர் அழைப்பு நிகழ்ந்ததை ஹைப்பர்வைசர் வழமையாக அறிவதே இல்லை.

அந்த வரி வெறுங்கற்பனையன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஸென் என்ற ஹைப்பர்வைசரின் 64 பிட் பரா-மெய்நிகராக்கத்தில் (விருந்தினர் கேர்னலையே ஹைப்பர்வைசருக்கு ஏற்ப மாற்றியமைக்கும் முறை) விருந்தினர் கேர்னலும் பயனர் செய்நிரலும் ஒரே 3ஆம் வளையத்தில் இருந்தன. ஆதலால் ஒவ்வோர் அழைப்பும் முதலில் ஸென்னிடம் போய், அங்கிருந்து விருந்தினர் கேர்னலுக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்த முறைக்கு உண்மையானதை எல்லா முறைகளுக்கும் பொதுவாக எழுதியதிலேயே தவறு நேர்ந்திருக்கிறது.

மாணவரை அதிகம் குழப்புவது வட்டில் எழுதும் உதாரணம். ரைட் அழைப்பு விருந்தினர் கேர்னலோடு நின்றுவிடுகிறது. தரவு பெரும்பாலும் அதன் நினைவகத் தேக்கத்திலேயே தங்கியிருக்கும். பிற்பாடு கேர்னலில் சாதனத்தைக் கையாளும் இயக்கி மெய்நிகர் வட்டுக்குத் தகவல் கொடுக்கும்போதுதான் கட்டுப்பாடு பொதுவாக விருந்தினரைவிட்டு ஹைப்பர்வைசருக்கு வெளியேறுகிறது. வெளியேற்றத்துக்குக் காரணம் சாதனத்தைத் தொட்டது. முறைமை அழைப்பு அன்று. விருந்தினர் கேர்னல் வேண்டுமென்றே ஹைப்பர்வைசரைக் கூப்பிடுவதற்கு விஎம்கோல் என்ற தனி அறிவுறுத்தல் இன்டெலில் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் இதையும் முறைமை அழைப்பையும் ஒன்றென எண்ணுவோர் பலர்.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் உள்ள இன்டெல் கணினியொன்றில், விருந்தினருக்குள் கெட்பிபிஐடி என்ற எளிய முறைமை அழைப்பைப் பத்து இலட்சம் முறை விடுக்கும் சிறு செய்நிரலை ஓடவிட்டு, வெளியே பேர்ஃப் கேவிஎம் ஸ்டாட் கட்டளையால் வெளியேற்றங்களை எண்ணிப் பாருங்கள். நேரக் குறுக்கீடுகள் போன்ற சிலவே தென்படும். பின்னர் அழைப்புக்குப் பதிலாக செயலியின் விபரங்களைக் கேட்கும் சிபியூஐடி அறிவுறுத்தலை அதே எண்ணிக்கையில் இயக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு வெளியேற்றமாகப் பதிவாகும், ஏனெனில் நொன்-ரூட் நிலையில் அந்த அறிவுறுத்தல் கட்டாயம் வெளியேறும்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைத் திருத்தி, இப்பரிசோதனையைச் செய்முறைப் பாடமாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு செய்நிரல்களையும் தமிழ் விளக்கத்துடன் எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன்.

இவ்வண்ணம்,
கணினி ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 06