மூடியக் கழட்டினா ஊசி எந்தப் பக்கம்? ஊசிப் பேனை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கல்லடியில முப்பது வருசமா மோட்டார்சைக்கிள் கராஜ் வெச்சிரிக்கன். ஸ்பிரிங்கோட புழங்கிற வேலை. வால்வ் ஸ்பிரிங்க அமத்துற டூல் ஒருக்கா கைய விட்டு வழுக்கி, ஸ்பிரிங் பறந்து போய் கூரைத் தகட்டில அடிச்ச சத்தம் இண்டைக்கும் காதுக்குள்ள இரிக்கு. அமத்தி வெச்ச ஸ்பிரிங் எப்ப விடுபடலாம் எண்டுதான் பாத்துக்கொண்டு இரிக்கும், அதுக்கு ஆள் தெரியாது. இத ஏன் சொல்றன் எண்டா, இப்ப வெளிநாட்டில இருந்து வாற நம்மட புள்ளயள் சூட்கேசில கொண்டுவாற அலர்ஜி ஊசிப் பேனைக்குள்ளயும் அப்பிடி ஒரு ஸ்பிரிங் இரிக்கு, அத வீட்டில ஒருத்தருக்கும் பழக்கிக் குடுக்காமத்தான் நாம அலுமாரியில வெச்சிருக்கம்.

நடந்தத சொல்றன். லண்டனில இரிக்கிற மகள் குடும்பத்தோட ஆடி அமாவாசை தீர்த்தத்துக்கு மாமாங்கப் பிள்ளையார் கோயிலுக்கு வந்திருந்தா. மூத்த பேரனுக்கு ஒன்பது வயசு, கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது, சும்மா ஒத்துக்கொள்ளாமல் இல்ல, தொண்டை அடைச்சி மூச்சு நிக்கிற அளவுக்கு. அதுக்காக ரெண்டு பேனை எப்பவும் அவன்ட பேக்கில இரிக்கும். மகளும் மருமகனும் ஒரு நாள் பின்னேரம் களுவாஞ்சிக்குடிக்கு ஒரு வீட்டுக்குப் போன நேரம், திருவிழாக் கடையில வாங்கி வந்த அல்வாத் துண்டு ஒண்ட அவன் எடுத்துத் திண்டிட்டான். அதில கச்சான் இரிக்கு எண்டு புள்ளைக்குத் தெரியாது, எங்களுக்கும் அந்த நேரம் யோசனை வரல்ல. அஞ்சு நிமிசம் போகல்ல, சொண்டு வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு, இருமல், குரல் கரகரத்துப் போச்சு. "அம்மம்மா, பென், பென்" எண்டு அவனே பேக்க காட்டுறான்.

என்ட மனிசிக்கு சீனி வருத்தம், நாலு வருசமா தன்ட கையாலயே இன்சுலின் பேனை போடுற ஆள். அதால பயப்படாம எடுத்தா. குழாயில இருந்து பேனைய எடுத்து நீல மூடியக் கழட்டினா, அந்தப் பக்கத்த புள்ளட தொடையில வெச்சா, மற்றப் பக்கம் ஒரேஞ்சு நுனியில பெருவிரல வெச்சி அமத்தினா. டக்கெண்டு சத்தம். ஊசி பாஞ்சது அவட பெருவிரலுக்குள்ள.

இத ஆரும் கவனயீனம் எண்டு நினைக்கப்படாது, அதுக்காகத்தான் இந்தக் கடிதமே. அவட இன்சுலின் பேனைய பாருங்க. மூடியக் கழட்டினா அந்தப் பக்கம்தான் ஊசி. மற்ற நுனியில இரிக்கிறது பட்டன், அத பெருவிரலால அமத்தோணும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் நாலு வருசமா அந்தக் கை பழகினது அப்பிடி. அலர்ஜிப் பேனையில எல்லாம் மறுபக்கம். கழட்டுற மூடி ஊசியை மூடுற மூடி இல்ல, அது பூட்டு. ஊசி வாறது மற்றப் பக்கத்தால. பட்டன் எண்டு ஒண்டே இல்ல. நல்லாப் பழகின கைதான் அண்டைக்குப் பிழைச்சது.

பக்கத்து வீட்டில ஒரு புள்ள நேர்ஸிங் படிக்குது, சத்தம் கேட்டு ஓடி வந்து ரெண்டாவது பேனைய எடுத்து அதில ஒட்டியிருந்த படத்தப் பாத்து புள்ளட தொடையில வெளிப்பக்கமா அமத்திப் புடிச்சிது. கிட்டத்தட்ட ஏழெட்டு நிமிசம் வீணாப் போயிருக்கும். மறுகா ரெண்டு பேரையும் ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினம். பேரன் தப்பிட்டான், அந்தப் பிள்ளையாருக்கும் அந்த நேர்ஸிங் புள்ளைக்கும்தான் நன்றி சொல்லோணும். மனிசிட பெருவிரல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாப் போய், தொட்டா ஐஸ், கிள்ளினாலும் விளங்கல்ல. பேனைக்குள்ள இரிக்கிற அட்ரினலின் ரத்தக் குழாய சுருக்கிற மருந்து, விரல் மாதிரி சின்ன இடத்தில போனா ரத்த ஓட்டம் நிண்டுரும் எண்டு டொக்டர் சொன்னார். சுடுதண்ணி வெதுவெதுப்பா வெச்சி விரல அதுக்குள்ள விட்டு கவனிச்சாங்க, நிறம் திரும்ப ராவாப் போச்சு.

அதுக்குப் பிறகு நான் இந்தப் பேனை எப்பிடி வேலை செய்யிது எண்டு மகள்ட்ட கேட்டும், அவ போனில எடுத்துக் காட்டின படங்களப் பாத்தும் விளங்கிக்கொண்டன். எனக்கு விளங்கின மாதிரியே எழுதுறன், வீட்டில சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.

உள்ளுக்கு ஒரு ஸ்பிரிங் முழுசா அமத்தி வெச்சிரிக்கு. அத புடிச்சி வெச்சிரிக்கிறது விரல் மாதிரி பிரிஞ்சி நிக்கிற கொழுக்கிகள். அந்தக் கொழுக்கிகள் உள்பக்கமா நெருங்கி வளைஞ்சாத்தான் ஸ்பிரிங் விடுபடும். நீல மூடியில ஒரு பின் இரிக்கு, அது கொழுக்கிகளுக்கு நடுவில போய் நிண்டு வளைய இடம் குடுக்காது. அதுதான் முதலாவது பூட்டு. மூடியக் கழட்டினா பின்னும் சேந்து வந்திரும், அதுக்குப் பிறகு மிச்சம் ஒரு தடைதான், நுனிய எதிலயாவது வெச்சி அமத்துற அமத்து. அமத்தினா உள் குழல் பின்னால தள்ளுப்பட்டு கொழுக்கிகள நெருக்கும், ஸ்பிரிங் பாயும், முதல்ல ஊசி வெளிய வரும், அதே வேகத்தில மருந்தும் ஏறும். எடுத்த உடன ஒரேஞ்சு உறை நீண்டு வந்து ஊசிய மூடி இறுகிரும், அது மற்ற ஆக்களுக்குக் குத்தாம இரிக்க. உறை நீண்டிருந்தா அது பாவிச்ச பேனை எண்டும் தெரிஞ்சுகொள்ளலாம்.

இப்ப வாற புதுப் பைக்குகள்ல சைட் ஸ்டாண்ட மடக்காம கியர் போட்டா எஞ்சின் நிண்டுரும், அது மாதிரித்தான் இது, ஒரு வேலை செய்யாம மற்ற வேலை நடக்காது. நல்லா யோசிச்சி செஞ்ச சாமான். எங்கட வீட்டில பூட்டு ரெண்டும் சரியாத்தான் வேலை செஞ்சது, பேனையில ஒரு பிழையும் சொல்ல ஏலாது. கழட்டினது பூட்டு எண்டு கழட்டின ஆளுக்குத் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்டு, மருந்து ஏறினாப் பிறகும் ஜன்னல் மாதிரி இரிக்கிற இடத்தால பாத்தா உள்ளுக்கு மருந்து மிச்சம் இரிக்கிற மாதிரித் தெரியும். சில பேனையில 2 மில்லிலீட்டர் இரிக்கும், ஏறுறது 0.3 மட்டும்தான், மிச்சம் உள்ளுக்கே நிக்கும். அத பாத்திட்டு ஏறல்ல எண்டு நினைச்சி திருப்பிக் குத்தப் போகவேணாம், அது ஒரு தரத்துக்கு மட்டும்தான்.

இது மட்டக்களப்பில மட்டும் நடக்கிற பிழையும் இல்ல. எபிபென் எண்ட இந்த அலர்ஜிப் பேனைய உருவாக்கின ஷெல்டன் கப்லான் எண்ட அமெரிக்க எஞ்சினியர் 1970களில முதல்ல இப்பிடிச் சாமான் செஞ்சது நச்சு வாயு பட்ட படைவீரனுக்கு மாற்று மருந்து போட. எபிபென்னுக்கு அமெரிக்காவில அனுமதி கிடைச்சது 1987ல. பழைய மொடலில மூடி சாம்பல் நிறம், ஊசி வாற நுனி கறுப்பு, எந்தப் பக்கம் எது எண்டு குழம்பி விரல்ல குத்திக்கொண்ட ஆக்கள் அங்கயும் இரிந்தாங்க, அதுக்குப் பிறகுதான் நீலம், ஒரேஞ்சு எண்டு மாத்தினது. மாத்தியும் 2020 மார்ச்சில அமெரிக்காவில மருந்துகளுக்குப் பொறுப்பான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. நீல மூடிய பக்கவாட்டில தள்ளிக் கழட்டினா நேரம் வராமலே ஊசி பாஞ்சிரும், மூடி கொஞ்சம் மேல கிளம்பி நிண்டாலும் பாயலாம், சில பேனை குழாய விட்டு லேசில வெளிய வராது எண்டெல்லாம் அதில இரிக்கு. அதால பெருவிரலால நெம்பப்படாது. ஒரு கையால நடுவில இறுக்கிப் புடிச்சி மற்றக் கையால மூடிய நேரா மேல இழுக்கோணும், பெருவிரல் எந்த நுனியிலயும் இரிக்கப்படாது. படைவீரனுக்கு ஒரு சாமானக் குடுக்க முதல் பழக்குவாங்க, நம்மட வீட்டு அம்மம்மாமாருக்கு ஆர் பழக்குறது?

நிறத்த பாடமாக்கினாலும் முழுசா உதவாது. வேற கம்பனிட பேனை ஒண்டில கழட்டுற மூடி மஞ்சள், ஊசி நுனி கறுப்பு. சிலத தொடையில 3 செக்கன் அமத்திப் புடிக்கச் சொல்றாங்க, சிலத 10 செக்கன். சீனி வருத்தத்துக்கு வாரத்துக்கு ஒருக்கா போடுற ஸ்பிரிங் பேனையளும் இப்ப ஊருக்குள்ள வருது, அதில ஒரு வகைக்கு அடி மூடியக் கழட்டி, தோலில வெச்சி, வளையத்த திருப்பிப் பூட்டத் திறந்து, மேல பட்டன அமத்தோணும், ரெண்டாவது கிளிக் சத்தம் கேக்கும் மட்டும் எடுக்கப்படாது. அது பிரிட்ஜில 2 முதல் 8 டிகிரியில இரிக்கோணும், அலர்ஜிப் பேனைய பிரிட்ஜில வெக்கவே கூடாது, 25 டிகிரி அளவில வெளியதான். ஒரே வீட்டில இந்த மூண்டு சாதிப் பேனையும் இரிந்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

சூட்டப் பற்றியும் சொல்லோணும். சித்திரை வைகாசி வெயிலில பைக் சீற்றுக்கு அடியில இரிக்கிற பெட்டிக்குள்ள கைய விட்டா சுடும், எனக்கு அது தினசரி தெரியும். அதுக்குள்ள இந்தப் பேனைய வெச்சிக்கொண்டு பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் போறாங்க. மருந்து தண்ணி மாதிரித் தெளிவா இரிக்கோணும், மண்ணிறமா மாறியிருந்தா பழுதாப் போயிட்டுது.

காலாவதியான பேனையள வீட்டில வெச்சிருக்கிற ஆக்களிட்டயும் ஒண்டு கேக்கிறன். திகதி முடியிறது மருந்துக்கு, ஸ்பிரிங் அப்பிடியே இறுகித்தான் இரிக்கும். புள்ளயள் விளையாடக் குடுக்காதீங்க, உள்ளுக்கு என்ன இரிக்கு எண்டு கழட்டிப் பாக்காதீங்க, குப்பைப் பையில போடாதீங்க, மாநகர சபையில குப்பை அள்ளுற தம்பிமார் வெறுங்கையால அள்ளுறத நாம பாக்கிறம்தானே. ஆசுப்பத்திரியில பாவிச்ச ஊசியளப் போடுற மஞ்சள் பெட்டிக்குக் குடுத்திருங்க.

இனி கேக்க வேண்டிய ஆக்களிட்ட கேக்கிறன். வெளிநாட்டில இரிக்கிற புள்ளயள், பேனை கொண்டு வாற நேரம் ஊசி இல்லாத பழக்கிற பேனையும் ஒண்டு சேத்துக் கொண்டு வாங்க, அது மலிவு, வந்து இறங்கின அண்டைக்கே அம்மா, அப்பா, சித்தி எல்லாரையும் இருத்தி ஆளுக்கு மூண்டு தரம் செய்ய வையுங்க. சொல்லிக் குடுத்தாக் காணாது, கையால செய்யோணும். பழக்கிற பேனையயும் உண்மைப் பேனையயும் ஒரே பேக்கில வெக்காதீங்க. பார்மசிக்காரர், ஸ்பிரிங் பேனை எதுவா இரிந்தாலும் விக்கிற நேரம் ஊசி எந்தப் பக்கம், பூட்டு எது எண்டு ஒரு நிமிசம் தமிழில சொல்லுங்க. கிளினிக்குகள்ல மிஸ்ஸிமாருக்கு வேலை கூட எண்டு தெரியும், ஆனாலும் சீனி வருத்தக் கிளினிக்கில இருக்க வெச்சிரிக்கிற நேரத்தில ஒரு படத் தாள் தமிழில குடுக்க ஏலும். பெட்டிக்குள்ள இரிக்கிற தாள் இங்கிலீசில எறும்பு எழுத்தில இரிக்கு, புள்ள மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில ஆர் அத விரிச்சு வாசிக்கிற?

முக்கியமா இன்னொண்டு, இத வாசிச்சிட்டு பயந்து பேனைய தொடாம விட்டிராதீங்க. மூச்சு இழுத்தா, குரல் அடைச்சா, தலை சுத்தி விழுந்தா உடன போடோணும், உடுப்புக்கு மேலாலயும் போடலாம். அலர்ஜிக் குளிசை ஒண்டக் குடுத்திட்டு பாத்துக்கொண்டு இரிக்கிற வருத்தம் இல்ல இது. போட்ட உடன 1990 அம்புலன்சுக்கு போன் எடுங்க, கால உயத்தி படுக்க வையுங்க, மூச்சு விடக் கஷ்டப்பட்டா இருத்தி வையுங்க, எழும்பி நடக்க விடாதீங்க. அஞ்சு நிமிசத்தில சுகம் தெரியாட்டி ரெண்டாவது பேனை. சுகமாப் போனாலும் ஆசுப்பத்திரிக்குப் போகத்தான் வேணும், சில மணித்தியாலம் கழிச்சி திரும்ப வரலாம். கல்லடியில இரிக்கிற எங்களுக்கு பாலத்தத் தாண்டினா ஆசுப்பத்திரி. கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் அங்கால இரிக்கிற ஆக்களுக்கு அப்பிடியில்ல, அங்க இரிக்கிற வீடுகள்லதான் இது இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கோணும்.

ஆசிரியர் ஐயா, உங்கட ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில அரைப் பக்கத்தில இந்தப் பேனையளட படத்தப் போட்டு, ஊசி வாற பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டுத் தருவீங்களா? வெட்டி அலுமாரிக் கதவில ஒட்டுவம். மகள் போக முதல் வேற ரெண்டு பேனை வெச்சிட்டுப் போயிரிக்கா, அடுத்த முறை வாற நேரத்துக்கு. அதிட குழாயில மனிசி தன்ட கையாலயே வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, சிவப்பு மார்க்கரால "ஊசி இஞ்சால" எண்டு எழுதி வெச்சிரிக்கா. பெருவிரல் நுனி இப்பவும் கொஞ்சம் மரத்துத்தான் இரிக்காம்.

இப்படிக்கு,
ஒரு கராஜ்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.