காலை மாத்திரை யார் கொடுப்பார்கள் என்று கேட்ட சிஸ்டருக்கு

எல்லோருக்கும் வணக்கம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்கிற சிறுநீரக நோயால், சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கி ஆஸ்பத்திரியில் இருந்த என் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். முக வீக்கம் வற்றி, கண் நன்றாகத் திறக்கிறது. பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள், வார்டைத் துடைத்தபடியே பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிய அக்காக்கள், தங்கள் சாப்பாட்டில் எனக்கும் பங்கு வைத்த பக்கத்துப் படுக்கை அம்மாக்கள், பணம் திரட்டி அனுப்பிய கம்பெனித் தோழிகள், காஞ்சிபுரத்தில் வண்டியோடு காத்திருந்த கொழுந்தனார்... எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சீட்டு கைக்கு வந்ததும் எனக்கு பஸ் பிடிக்கிற நினைப்புதான். சிஸ்டர் என்னை உட்காரவைத்து, "வீட்டுல காலையில மாத்திரை யாரும்மா கொடுப்பாங்க?" என்று கேட்டார். அத்தைதான் என்றேன். செய்யாறு சிப்காட்டுக்கு நான் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். "அப்போ அவங்களுக்குத்தானே சொல்லணும்? போன் போடும்மா" என்றார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்குத் தக்கபடியே சிஸ்டர் பேசினார். "ஆயா, முகம் வத்திடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆறு வாரம் தினமும், அப்புறம் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்கணும்." ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கும்போது குழம்பக் கூடாது என்று, தினசரி காலண்டரில் மாத்திரை நாள் தாளிலெல்லாம் சிவப்பு மையில் கோடு போடச் சொன்னார். தாள் கிழிக்கும்போதே தெரிந்துவிடும். புரதம் கசிகிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பட்டையைக் காலை சிறுநீரில் நனைத்துப் பார்க்கணும்: மஞ்சளாகவே இருந்தால் பயமில்லை, மூன்று நாள் தொடர்ந்து கரும்பச்சையானால் கூட்டிவரணும். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் மூன்று நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே வரணும்.

எல்லாம் சொல்லிவிட்டு, "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க ஆயா" என்றார். அத்தை பச்சையையும் மஞ்சளையும் மாற்றிச் சொல்ல, முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த வார்டில் அன்று அவருக்கு எத்தனை வேலை இருந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன்.

முன்பு வேறோர் இடத்திலிருந்து கிளம்பியபோது ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர் பாட்டியா, சித்தியா, அக்காவா என்று ஒவ்வொரு வார்டிலும் கேட்க வேண்டும். அவருக்குப் புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவைத்துப் பார்க்க வேண்டும். தயவுசெய்து இதை வழக்கமாக்குங்கள். இதே நோயோடு வீடு திரும்பும் பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது சந்தேகம் கேட்டால், சிஸ்டர் சொன்ன காலண்டர் கோட்டை நான் போட்டுக் காட்டுவேன்.

சிஸ்டர், அடுத்த ரிவ்யூவுக்கு அத்தையும் வருகிறார். உங்களைப் பார்த்தே ஆகணும் என்று ஒரே பிடிவாதம்.